முற்றும் போட்ட பிறகு

முடிந்துபோன தொடரைப் படமாக எடுக்கலாமா என்ற கேள்வி எடிட் டேபிளுக்கு அடிக்கடி வரும். கேட்பவர் தயாரிப்பாளராக இருப்பார். இல்லையென்றால் ஒன்லைன் எழுதி வைத்துக்கொண்டு அலைகிற உதவி இயக்குநராக இருப்பார். இருவருக்கும் காரணம் ஒன்றுதான். பெயர் ஏற்கெனவே ஊருக்குத் தெரியும், பாதி விளம்பரம் மிச்சம். அறிவியல் புனைகதைத் தொடர் என்றால் கூடவே இன்னொன்றும் சொல்வார்கள்: “அன்னைக்குக் காசில்லாம தெர்மாகோல்ல காட்டினதை இன்னைக்கு கிராபிக்ஸ்ல பிரமாதமா காட்டிடலாம் சார்.”

தொடரையும் படத்தையும் மாறி மாறி வெட்டிப் பிழைப்பு நடத்துகிறவன் நான். தெர்மாகோலைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. நான் கேட்பது வேறு. அந்தத் தொடர் முடிந்தபோது எதைச் செலவழிக்காமல் விட்டுவிட்டு முடிந்தது? எல்லாவற்றையும் செலவழித்து முடிந்த தொடருக்குப் படம் தேவையில்லை. பழைய டேப்பைத் துடைத்து, நல்ல பிரதி எடுத்து, மறுபடி காட்டினால் போதும். ஏதோ ஒரு முடிச்சை அவிழ்க்காமலோ, ஒரு ஆளைச் சரியாகப் பார்க்காமலோ முடிந்திருந்தால், அந்த ஒன்றுக்காகப் படம் எடுக்கலாம். அந்த ஒன்றை மட்டும்.

தமிழில் இதைச் சோதித்துப் பார்க்க உதாரணங்கள் குறைவு. மாமியாருக்கும் மருமகளுக்கும் வீட்டையே எழுதிக் கொடுத்த நம் சின்னத்திரை, ரோபோவுக்குத் திண்ணையில்கூட இடம் விட்டதில்லை. அப்படியும் ஒன்று பலர் மனதில் நிற்கிறது. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. 1980-களில் ஆனந்த விகடனில் தொடர்கதையாக வந்தது. பிறகு தூர்தர்ஷனில் தொடராக வந்தது. ‘மீண்டும் ஜீனோ’ என்று சுஜாதாவே அதற்கு இரண்டாம் பாகமும் எழுதினார். கதை நடக்கும் காலம் 2021. இந்தியாவை ஜீவா என்கிற சர்வாதிகாரி ஆள்கிறான். ஆளுக்கு ஒரு எண், இரண்டே எழுத்தில் பெயர், பிள்ளை பெற்றுக்கொள்ள அரசாங்க அனுமதி. நிலா என்கிற பெண்ணின் வீட்டுக்கு ரவி என்பவன் வந்து சேர்கிறான், அவனோடு ஜீனோ என்கிற இயந்திர நாய். நிலாவின் கணவன் சிபி காணாமல் போகிறான். கடைசியில் ஜீவா என்ற ஆளே கிடையாது, வெறும் ஹோலோகிராம் பிம்பம் என்று தெரிகிறது. பொம்மையாக வந்த ஜீனோ புத்தகம் படிக்கிறது, கிண்டல் அடிக்கிறது, தானாக யோசிக்கவும் தொடங்கிவிடுகிறது.

இதைப் படமாக்கலாமா? கேள்வியைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில், தொடர் என்பது என்ன செய்கிறது என்று டேபிளில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். வாரம் ஒருமுறை வந்த தொடரில் அரை மணி நேரத்துக்கு விளம்பரம் போக இருபத்திரண்டு நிமிஷம் கிடைக்கும். நடுவில் பிரேக். பிரேக்குக்கு முன் ஒரு திடுக், முடிவில் ஒரு பெரிய திடுக், அடுத்த வாரத் தொடக்கத்தில் அந்தத் திடுக்கை மறுபடி ஓட்டிக் காட்டி ஞாபகப்படுத்துவது. இப்படி ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கிற ஒரு இயந்திரம் தானாகப் பேசிவிட்டது. மருமகள் திரும்புகிறாள்: குளோசப். இயந்திரத்தில் சிவப்பு விளக்கு. மறுபடி மருமகள். கூடத்தில் இருந்து வரும் மாமியார் முகம். மறுபடி விளக்கு. மருமகள் கண் விரிகிறது, ஃப்ரீஸ், இசை, ‘தொடரும்’. அடுத்த வாரம் இதே ஆறு ஷாட்டையும் ஓட்டிவிட்டு, பேசியது கட்டிலுக்கு அடியில் இருந்த ரேடியோ என்று காட்டிவிடலாம். பார்வையாளர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவர் ஏழு நாள் அதை நினைத்துக்கொண்டு இருந்தார், அடுத்த வீட்டில் பேசினார், அந்தச் சுகம் அவருக்குக் கிடைத்துவிட்டது. ரேடியோ என்று தெரிந்ததும் சிரித்துவிடுவார்.

இதே ஆறு ஷாட்டைப் படத்தில் அப்படியே வையுங்கள். ஃப்ரீஸுக்கும் ரேடியோவுக்கும் நடுவே ஏழு நாள் கிடையாது, அரை நொடிதான். தியேட்டரில் முன் சீட்டுக்காரர் “அட, சும்மாப்பா” என்று செல்போனை எடுப்பார். காட்சி மாறவில்லை, அதைத் தாங்கி நின்ற காத்திருப்பு போய்விட்டது. தொடரின் பாதி பலம் திரைக்கு வெளியே, பார்வையாளரின் வாரத்துக்குள் இருக்கிறது. அதை யாராலும் வெட்டி எடுத்து டைம்லைனில் ஒட்ட முடியாது.

அதனால் ஒரு தொடருக்குள் படம் இருக்கிறதா என்று பார்க்க நான் செய்கிற வேலை எளியது. சில எபிசோடுகளை வரிசையாகப் போட்டு மூன்று வகை சமாச்சாரத்தை எடுத்துவிடுவேன். முதலில், போன வாரக் காட்சியை மறுபடி ஓட்டுகிற இடங்கள். அடுத்தது, ஒரே வசனத்துக்கு மூன்று பேர் முகத்தைக் காட்டுகிற ரியாக்‌ஷன்கள். கடைசியாக, நடுவில் வந்து உட்கார்ந்தவருக்காக எழுதப்பட்ட வசனங்கள்: “உங்க தங்கச்சி புருஷன், அதான் அந்த ஆராய்ச்சிக்கூடத்துல வேலை பார்க்கிறாரே சேகர், அவரு போன் பண்ணாரு” என்கிற ரகம். மூன்றையும் உருவிய பிறகு மிஞ்சுவதைப் பார்த்தால் தொடரின் எலும்பு தெரியும். பல தொடர்களில் சம்பவங்கள் வரிசையாக நிற்கும், ஆனால் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்காது. அதில் படம் இல்லை. சிலவற்றில் இரண்டு பேர் உட்கார்ந்து பேசுகிற, கதைக்கு அவசியமே இல்லாத ஒரு காட்சி உயிரோடு இருக்கும். படம் இருந்தால் அங்கேதான் இருக்கும்.

அடுத்தது ஓரங்கள். பழைய தொலைக்காட்சிச் சட்டகம் நாலுக்கு மூன்று. சின்னப் பெட்டி என்பதால் முகத்தை வைத்தே நிரப்பிவிடுவோம். முகத்துக்கு வலப்பக்கம் என்ன சுவர், இடப்பக்கம் என்ன ஜன்னல் என்று யாரும் கேட்டதில்லை. அகலத் திரையான ஸ்கோப்பில் அதே முகத்தை வைத்தால் இரண்டு பக்கமும் வெறும் இடம் வந்து நிற்கும். அந்த இடத்தில்தான் அறிவியல் புனைகதையின் உலகம் இருக்க வேண்டும். தெருவில் என்ன வண்டி போகிறது, சுவரில் என்ன அறிவிப்பு ஒட்டியிருக்கிறது, பக்கத்து வீட்டு ஜன்னலில் விளக்கு எரிய அனுமதி உண்டா, இதையெல்லாம் ஓரம்தான் சொல்லும். கிராபிக்ஸ்காரர்கள் எப்போதும் நடுவில் வைக்கப் பெரிசாக ஒன்று தயார் செய்து கொடுப்பார்கள். ஓரத்துக்கு என்ன யோசித்திருக்கிறீர்கள் என்று கேட்டால், “டி.ஐ.ல பார்த்துக்கலாம் சார்” என்பார்கள். டி.ஐ.யில் நிறம்தான் பார்க்கலாம், உலகத்தைப் பார்க்க முடியாது.

ஓரத்தைப் பற்றிப் பேசினால் என் ஊருக்கு வந்துதான் ஆக வேண்டும். நான் குறிஞ்சிப்பாடிக்காரன். கைலி நெய்கிற ஊர். வடலூர் தாண்டினால் நெய்வேலி. சுஜாதாவின் ஜீவா ஆட்சியை வாசித்தபோது என் தலைக்குள் ஓடிய நகரம் நெய்வேலிதான். பேட்டைக்குப் பெயர் இல்லாமல் வட்டம் 1, வட்டம் 2 என்று எண். பதவிக்குத் தகுந்தபடி குவார்ட்டர்ஸ். ஷிஃப்டுக்குத் தகுந்தபடி தூக்கம். நேர்கோடாகப் போகிற சாலைகள், நிழலுக்கு வரிசை மாறாமல் நிற்கிற மரங்கள். 1956-இல் நிறுவனம் தொடங்கி, 1957-இல் நேரு வந்து சுரங்கத்தைத் தொடங்கி வைத்த பிறகு, முந்திரிக்காட்டு மண்ணில் வரைபடம் போட்டுக் கட்டிய ஊர் அது. அங்கே குடியிருக்கிறவர்களுக்கு அது சொர்க்கம். வெளியிலிருந்து பஸ் ஏறிப் போகிற எங்களுக்கு எதிர்காலம் மாதிரி இருக்கும்.

சுரங்கத்தின் விளிம்பில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். படிப்படியாக இறங்குகிற பள்ளம், அதன் நடுவில் பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர். ஜெர்மன் வடிவமைப்பு, அடுக்குமாடிக் கட்டடம் நடந்து வருகிற மாதிரி உருவம், நுனியில் சுற்றுகிற சக்கரம், சக்கரத்தைச் சுற்றிப் பல்வைத்த வாளிகள். ஒவ்வொரு வாளியும் மண்ணைக் கடித்துக் கொண்டுவந்து கன்வேயரில் கொட்டும். அந்தப் பெல்ட் கண்ணுக்கு எட்டாத தூரம் வரை ஓடும். இயந்திரத்தை ஓட்டுகிற மனிதர் ஒரு கண்ணாடி அறைக்குள் சின்னப் புள்ளியாகத் தெரிவார். நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கிற தண்ணீரை ராப்பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் பள்ளம் பள்ளமாக இருக்கும். இந்த ஓரத்தை எந்த கிராபிக்ஸ் கம்பெனியும் நமக்குக் கட்டித் தரப் போவதில்லை. ‘மாஸ்டர்’ படத்துக்காக 2020 பிப்ரவரியில் விஜய் நெய்வேலிக்கு வந்து, வேன் மேல் ஏறி ரசிகர் கூட்டத்தோடு எடுத்த செல்ஃபிதான் ஊருக்கு ஞாபகம் இருக்கிறது. அந்தச் சுரங்கத்தை வேறு கிரகமாகவோ வேறு காலமாகவோ பார்க்கிற தமிழ்ப் படம் இன்னும் வரவேண்டியிருக்கிறது.

இதில் இன்னொரு ஓரமும் உண்டு. சுரங்கம் நகர நகர ஊர்கள் நகர்கின்றன. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயலில் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கியபோது மாவட்டமே கொதித்தது. யார் அனுமதித்தது, எந்த மேசையில் கையெழுத்து ஆனது என்று வயலில் நின்றவர்களுக்குத் தெரியவில்லை. உத்தரவு போட்டவரின் முகம் தெரியாத நாட்டைப் பற்றித்தான் சுஜாதாவும் எழுதினார். ஜீவா வெறும் பிம்பம் என்கிற திருப்பம் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, அதில் இனித் திடுக் இல்லை. பிம்பத்தின் கீழே அன்றாடம் எப்படி நடக்கிறது என்பதில் இன்னும் படம் இருக்கிறது.

தொடரைப் பார்த்தவர்கள் எதை மனதில் வைத்திருக்கிறார்கள் என்பதையும் கேட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் அத்தை தறிக்காரர் வீட்டு மனுஷி. ஒருநாள் பேச்சுவாக்கில் அந்தத் தொடரை ஞாபகப்படுத்தினேன். ஜீவா, புரட்சி, ஆட்சி கவிழ்ப்பு எதுவும் அவருக்கு நினைவில்லை.

“அந்த நாயி என்னாடா ஆச்சு கடைசியில?” என்றார்.

“எந்த நாய் அத்த?”

“பேசுமே, அது. அதுக்கு சோறே வேணாம்பாங்க. பாவம்டா அது.”

ஒரு பெரிய தயாரிப்பு நிறுவனம் ஆள் வைத்து ஆய்வு செய்தாலும் இதைவிடத் தெளிவான தகவல் கிடைக்காது. கதை செலவாகிவிட்டது. ஜீனோ செலவாகவில்லை.

இந்த இடத்தில் ‘எந்திரன்’ வந்துவிட்டதே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஷங்கர் முதலில் கமல்ஹாசனை வைத்து ‘ரோபோ’ என்று தொடங்கி நின்றுபோன திட்டம், 2010 அக்டோபரில் ரஜினிகாந்தோடு ‘எந்திரன்’ ஆக வெளிவந்தது. தொடக்கக் கட்டத்தில் சுஜாதா அதில் பணியாற்றினார். 2008 பிப்ரவரியில் காலமாகிவிட்டார். வசனத்தில் அவர் பெயரும் உண்டு. யோசிக்கவும் ஆசைப்படவும் கற்றுக்கொள்கிற இயந்திரம் என்ற கருவை அந்தப் படம் ஆயிரம் சிட்டி ரோபோக்கள் அடுக்கிய பாம்பாகவும் பந்தாகவும் விரித்துவிட்டது. பெரிசு பண்ண வேண்டியதை அவர்கள் பண்ணிவிட்டார்கள். மிச்சம் இருப்பது சிறிசு. வீட்டுக்குள் காலைச் சுற்றி வருகிற, எஜமானரைவிட அதிகம் படித்த, அதனாலேயே ஆபத்தில் இருக்கிற ஒரு சின்ன இயந்திரம். இன்றைக்கு நம் செல்போனே நம்மோடு வாதாடுகிறது. 2021 தாண்டிப் போய்விட்ட பிறகு ஜீனோ கதையை எதிர்காலக் கதையாக எடுக்கத் தேவையே இல்லை. பக்கத்து வட்டத்தில் நேற்று நடந்த கதையாக எடுக்கலாம்.

வெளியூர் உதாரணங்களையும் இதே தராசில் வைக்கலாம். அமெரிக்காவில் ‘ஸ்டார் ட்ரெக்’ 1966 முதல் 1969 வரை 79 எபிசோடுகள் ஓடி நிறுத்தப்பட்டது. பத்து வருஷம் கழித்து, 1979-இல், ராபர்ட் வைஸ் இயக்கத்தில் முதல் படம். விண்கலத்தைச் சுற்றிச் சுற்றி வந்து நிமிஷக் கணக்கில் காட்டுவார்கள். தொடரில் காட்ட முடியாததையெல்லாம் காட்டிவிடும் ஆசை. எந்த எடிட்டருக்கும் கை துறுதுறுக்கும். 1982-இல் நிக்கோலஸ் மேயர் இயக்கிய இரண்டாவது படத்துக்கு, முதல் படத்தின் செலவில் மூன்றில் ஒரு பங்குகூடக் கொடுக்கவில்லை. அவர்கள் 1967-இல் வந்த ஒரே ஒரு எபிசோடை எடுத்துக்கொண்டார்கள். அதில் கான் என்கிற வில்லனை ஆளில்லாத கிரகத்தில் இறக்கி விட்டுவிட்டுக் கப்பல் போய்விடும். அதற்குப் பிறகு அவன் என்ன ஆனான் என்று தொடர் திரும்பிப் பார்க்கவே இல்லை. அந்த ஒரு மிச்சத்தில் இருந்து ஒரு முழுப் படம் பிறந்தது. வரிசையிலேயே சிறந்தது என்று ரசிகர்கள் இன்றும் சொல்வது அதைத்தான். பணம் கூடியபோது வராத படம், மிச்சத்தைக் கண்டுபிடித்தபோது வந்தது.

‘ஃபயர்ஃப்ளை’ கதை வேறு. 2002-இல் 14 எபிசோடுகள் எடுத்து, 11 மட்டும் ஒளிபரப்பாகி, பாதியில் வெட்டப்பட்ட தொடர். அங்கே கதையே முடியவில்லை, நேரம்தான் முடிந்தது. 2005-இல் ‘செரினிட்டி’ என்று படம் வந்தபோது அதன் கடமை தெளிவாக இருந்தது. அதன் தொடக்கத்தை நான் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டுவதுண்டு. பள்ளிக்கூடப் பாடம் ஒன்று ஓடுகிறது. அது ஒரு பெண்ணின் கனவு என்று தெரிகிறது. அந்தப் பெண் ஆய்வுக்கூடத்தில் கிடக்கிறாள். அந்தக் காட்சியும் யாரோ பார்க்கிற பதிவு என்று தெரிகிறது. அப்புறம் கப்பலுக்குள் நீண்ட ஷாட்டில் நடந்தபடியே ஒவ்வொரு ஆளாக அறிமுகம். தொடரைப் பார்த்தவருக்கு அலுப்பு தட்டாது, பார்க்காதவருக்கு எதுவும் விட்டுப்போகாது. ரீகேப் என்பதைப் படத்தில் எப்படிச் செய்வது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

‘எக்ஸ் ஃபைல்ஸ்’ 2002-இல் முடிந்து, 2008-இல் ஒரு படமாக வந்தது. தொடரில் எந்த வாரமும் வந்திருக்கக்கூடிய தனிக் கதை அது. அடுத்த வாரம் என்று ஒன்று இருக்கும்போது அப்படி ஒரு கதை பிடிக்கும்; டிக்கெட் எடுத்து வந்தவர் “இதற்குத்தானா” என்று கேட்பார். கேட்டார்கள்.

நம் பக்கம் ‘சக்திமான்’ இருக்கிறது. 1997 முதல் 2005 வரை தூர்தர்ஷனில் முகேஷ் கன்னா பறந்தது தமிழ்ப் பிள்ளைகளுக்கும் தெரியும். 2022-இல் சோனி பிக்சர்ஸ் படம் என்று அறிவித்தது. அதற்குப் பிறகு நடந்த பேச்செல்லாம் அந்த உடையை யார் போடுவது என்பதைப் பற்றித்தான். உடையைப் பற்றிய பேச்சே ஓடிக்கொண்டிருந்தால், கதையில் மிச்சம் என்ன என்று இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று அர்த்தம். என்னைக் கேட்டால் மிச்சம் கங்காதர்தான். அந்தச் சோடாபுட்டிக் கண்ணாடிக்காரர், பத்திரிகைப் புகைப்படக்காரர், ஊரே சிரிக்கிற ஆள். பறப்பவனைப் பிள்ளைகள் வேண்டிய மட்டும் பார்த்துவிட்டார்கள். பறக்கத் தெரிந்தும் சிரிப்புக்கு ஆளாகி நிற்பவனைத் தொடர் நகைச்சுவைக்கு மட்டும் பயன்படுத்தியது.

இனி ‘மர்மதேசம்’. கே. பாலசந்தரின் மின் பிம்பங்கள் தயாரிப்பில், இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்தில், நாகா இயக்கத்தில் 90-களின் பின்பாதியில் சன் டி.வி.யில் வந்தது. அதிலும் ‘விடாது கருப்பு’. இதை அறிவியல் புனைகதை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் சாமியாடிகளும் வெள்ளைக் குதிரையும் வந்த கதை, முடிவில் மனநல மருத்துவத்தின் வாசலில் வந்து நிற்கும். நம்பிக்கையும் விஞ்ஞானமும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்கிற அந்த இடத்தை அவ்வளவு பொறுமையாக நம் தொலைக்காட்சி வேறு எங்கும் தொட்டதாக எனக்கு நினைவில்லை. படமாக எடுக்கச் சொல்லி ரசிகர்கள் கேட்கிற முதல் பெயரும் அதுதான்.

எடிட்டர் கண்ணால் பார்த்தால் ‘விடாது கருப்பு’ இரண்டு தண்டவாளத்தில் ஓடுகிற தொடர். ஒன்று பழைய காலம், சின்னப் பிள்ளைகளின் பயம். மற்றொன்று இன்றைய காலம், படித்தவர்களின் விசாரணை. ஒரு வாரம் இதில் ஒரு பிடி, அதில் ஒரு பிடி. பழைய காலத்தில் பார்த்த ஒரு சின்ன விஷயத்துக்கு இன்றைய காலத்தில் பொருள் கிடைக்கப் பல வாரம் ஆகும். அதற்குள் பார்வையாளரே துப்பறிவாளர் ஆகிவிடுவார். இந்த அமைப்பை இரண்டரை மணி நேரத்துக்குள் அடைத்தால், முன்பின் காலம் மாறுவது வெறும் பிளாஷ்பேக் ஆகிவிடும். பல வாரம் ஊறிய சந்தேகம் இன்டர்வெல் பிளாக்குக்கு ஒரு திருப்பமாகச் சுருங்கிவிடும். முடிச்சும் அவிழ்ந்தாகிவிட்டது. அங்கே எதுவும் மிச்சம் இல்லை.

நாகா படம் எடுக்க வந்தபோது இதைப் புரிந்துகொண்டுதான் வந்தார் என்று நினைக்கிறேன். 2010-இல் ஷங்கரின் எஸ் பிக்சர்ஸ் தயாரித்த ‘ஆனந்தபுரத்து வீடு’ புதிய கதை, புதிய ஆட்கள். ‘மர்மதேசம்’ என்ற பெயரைப் போட்டிருந்தால் முதல் நாள் கூட்டம் இன்னும் வந்திருக்கும். அந்தச் சபலத்துக்கு இடம் கொடுக்காதது தொழில் தெரிந்தவர் செய்கிற காரியம். பாலசந்தரோ எதிர்த்திசையில் போய்ப் பார்த்தார். 1985-இல் வந்த ‘சிந்து பைரவி’ படத்தின் தொடர்ச்சியைப் பல வருஷம் கழித்து ‘சஹானா’ என்று தொலைக்காட்சித் தொடராக எடுத்தார். மனிதர்களுக்கு வயதாவதைக் காட்டத் தொடரின் நேரம் தோதானது. எந்தக் கதைக்கு எந்தப் பாத்திரம் என்று அந்தத் தலைமுறைக்கு ஒரு கணக்கு இருந்தது.

எங்கள் ஊரில் தறியில் பாவு தீரும்போது, பழைய பாவின் நுனியோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைப்பார்கள். பிணைத்து முடித்தால் அதே அச்சில், அதே அகலத்தில் நெசவு தொடரும். தொடரின் இரண்டாம் சீசன் அப்படிப்பட்டது. படம் வேறு தறி. பழைய துணியின் நிறம் பிடித்திருந்தால் அந்த நிறத்தில் நூல் போடலாம், பழைய பாவைக் கொண்டுபோய் அதில் பிணைக்க முடியாது. இன்றைய ஓ.டி.டி.காரர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. 2022-இல் புஷ்கர், காயத்ரி எழுதிய ‘சுழல்’ எட்டு எபிசோடில் முடிந்தது. 2025-இல் இன்னொரு ஊர், இன்னொரு வழக்கு என்று இரண்டாம் சீசன் வந்தது. படம் பக்கம் போகவில்லை.

பணத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தூர்தர்ஷன் காலத்துத் தொடர்கள் யு-மேட்டிக், பீட்டாகேம் டேப்புகளில் இருந்தவை. ஒரு டேப்பில் இருந்து இன்னொன்றுக்கு ஓட்டி ஓட்டி வெட்டிய காலம். ஒவ்வொரு பிரதிக்கும் படம் கொஞ்சம் மங்கும். காந்தப் பூச்சு உதிரும், பூஞ்சை பிடிக்கும், ஓட்டிப் பார்க்கிற கருவியே கிடைக்காது. பிரிட்டனில் பி.பி.சி. பழைய டேப்புகளை அழித்ததால், 1960-களின் ‘டாக்டர் ஹூ’ எபிசோடுகள் 90-க்கும் மேல் இன்றைக்குக் கைவசம் இல்லை. ‘மர்மதேசம்’ யூடியூபில் கிடைப்பதால்தான் அது ஒளிபரப்பானபோது பிறந்தே இருக்காத பிள்ளைகள் கருப்பைப் பற்றி இன்று பேசுகிறார்கள். ஒரு தொடர் உயிரோடு இருக்க முதல் தேவை பார்க்கக் கிடைப்பது. படத்துக்கு ஒதுக்குகிற பணத்தில் ஒரு பாடல் காட்சியின் செலவைப் பழைய டேப்புகளுக்கு ஒதுக்கினால், படம் வேண்டுமா என்ற கேள்விக்கே பாதி நேரம் பதில் கிடைத்துவிடும். மறுபடி பார்க்கும்போது தொடரே போதும் என்று தெரிந்துவிடும்.

அப்படியானால் ஜீனோ? எடுக்கலாம் என்றுதான் சொல்வேன், சில நிபந்தனைகளோடு. ஜீவாவைக் கவிழ்க்கிற கதை வேண்டாம். ஆட்சி அப்படியே இருக்கட்டும், ஓரத்தில். ஒரு குவார்ட்டர்ஸ் வீடு, ஒரு வாரம். அனுமதிச் சீட்டுக்குக் காத்திருக்கிற ஒரு பெண், அவள் வீட்டுக்குள் வந்த நாய். ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள், ஜன்னலுக்கு வெளியே ராத்திரியில் விளக்கோடு நகர்கிற அந்தப் பெரிய சக்கரம். நாய்க்கு முகம் தேவையில்லை. பேச்சில் நக்கல் இருந்தால் போதும். தியேட்டரில் அதன் குரலை நமக்குப் பின்னால் இருந்து, காலுக்கடியில் இருந்து வர வைக்கலாம். பெட்டியின் ஒற்றை ஸ்பீக்கரில் செய்ய முடியாமல் போனது அது. இன்டர்வெல்லில், நாய் தன்னைத் திருத்தி எழுதிக்கொண்டது நிலாவுக்குத் தெரிய வேண்டும். இரண்டாம் பாதி முழுக்க, அதை ஒப்படைப்பாளா ஒளித்து வைப்பாளா என்பது மட்டும். பாட்டு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், சொன்னாலும் தயாரிப்பாளர் கேட்க மாட்டார்.

அதனால், தொடரைப் படமாக்க வருகிற தம்பிகளிடம் நான் கேட்பது ஒரே ஒரு பக்கம். அதில் தொடரின் பெயர் வரக்கூடாது, பழைய நடிகர் பெயர் வரக்கூடாது, “எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான்” என்ற வாக்கியம் வரக்கூடாது. தொடரைப் பார்க்காத ஒருவர் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு “அப்புறம்?” என்று கேட்க வேண்டும். ஜீனோவுக்கு அப்படி ஒரு பக்கம் எழுதிவிடலாம். ‘விடாது கருப்பு’க்கு என்னால் எழுத முடியவில்லை, எதையும் மிச்சம் வைக்காமல் நெய்து முடித்த தொடருக்கு அதுதான் மரியாதை.